சுழல் விளக்கு யாருக்கு அனுமதி? பட்டியல் பொதுமக்கள் கண்ணில் படவேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். 2017 மே 1 முதல் அமைச்சர், நீதிபதி, உயர் அதிகாரி என்ற வேறுபாடின்றி எல்லோருடைய காரிலிருந்தும் சிவப்பு சுழல் விளக்கு இறக்கப்பட்டது. குடியரசுத் தலைவருக்கும் பிரதமருக்கும்கூட விலக்கு கிடையாது. கூரையிலிருந்து இறங்கிய அந்த விளக்கு இன்று முன்பக்கக் கிரில்லுக்குள்ளும், முன்கண்ணாடிக்குக் கீழே டேஷ்போர்டு மேலும், பம்பர் ஓரத்திலும் சிவப்பு, நீல எல்.இ.டி. பட்டையாக மின்னுகிறது. கொடி கட்டிய கார், தனியார் பாதுகாப்பு நிறுவன ஜீப், சுற்றுலாப் பேருந்து, ஆழ்துளைக் கிணறு போடும் ரிக் லாரி என்று எதில்தான் இல்லை? வண்டி மின்பணி தெரிந்தவர்கள் என்ற முறையில், இதில் சட்டம் என்ன சொல்கிறது, எங்கே ஓட்டை இருக்கிறது, எதைச் சரிசெய்ய முடியும் என்பதைத் தங்கள் நாளிதழ் வழியாகப் போக்குவரத்துத் துறையின் கவனத்துக்குக் கொண்டுவர விரும்புகிறோம்.

முதலில் அடிப்படை விதி. மத்திய மோட்டார் வாகன விதிகள் 1989இல் 108ஆம் விதி சொல்வது இதுதான்: எந்த மோட்டார் வாகனமும் முன்பக்கம் சிவப்பு வெளிச்சம் காட்டக்கூடாது, பின்பக்கம் சிவப்பைத் தவிர வேறு நிறம் காட்டக்கூடாது. இண்டிகேட்டரின் ஆம்பர், ரிவர்ஸ் விளக்கின் வெள்ளை, நம்பர் பிளேட்டுக்கு அடிக்கும் வெள்ளை போன்ற சில விலக்குகள் மட்டும் உண்டு. இரட்டை வழிச் சாலையில் தெருவிளக்கு இல்லாத இடத்தில் இரவு ஓட்டுபவர், எதிரே தெரியும் வண்டி வருகிறதா போகிறதா என்பதை நிறத்தை வைத்தே முடிவு செய்கிறார். வெள்ளை என்றால் வருகிறது, சிவப்பு என்றால் நமக்கு முன்னால் போகிறது. அந்தக் கணக்கில்தான் அவர் ஓவர்டேக் எடுக்கிறார். எதிரே வரும் லாரியின் நெற்றியில் வரிசையாகச் சிவப்பு எரிந்தால், வளைவில் ஹெட்லைட் முழுதாகத் தெரியாத அந்த ஓரிரு விநாடியில் கணக்கு தலைகீழாகிவிடும். மணிக்கு 80 கி.மீ. வேகத்தில் இரண்டு விநாடி என்பது 44 மீட்டர். எதிர்வண்டியும் அதே வேகத்தில் வந்தால் இடைவெளி 88 மீட்டர் சுருங்கும். அலங்காரம் என்று சொல்லிப் போடும் சிவப்பு ஸ்ட்ரிப் லைட்டை இதனால்தான் நாங்கள் சாதாரணமாக எடுத்துக்கொள்வதில்லை.

இதே 108ஆம் விதியில் ஒரு விலக்கை அலங்கார விளக்குக் கடைகள் நன்றாகப் பயன்படுத்திக்கொள்கின்றன. 7 வாட்டுக்கு மேற்படாத பல்பு, ஒளியைப் பரப்பும் தேய்த்த கண்ணாடியுடன் இருந்தால் அனுமதி உண்டு. இந்த வரி இழை பல்பு மட்டும் இருந்த காலத்தில் எழுதப்பட்டது. கார்களில் பார்க்கிங் விளக்காக வரும் 5 வாட் இழை பல்பு தருவது 50 லூமென் (லூமென் என்பது வெளிச்சத்தின் அளவு). 7 வாட் என்றாலும் அந்த அளவை ஒட்டித்தான் இருந்திருக்கும். யார் கண்ணையும் கூசச் செய்யாது. இன்றைய எல்.இ.டி. ஒரு வாட்டுக்கு ஏறக்குறைய 100 லூமென் தருகிறது. அதே 7 வாட்டில் பத்து மடங்கு வெளிச்சம். "ஏழு வாட்டுக்குள்தான் சார், போலீஸ் ஒன்றும் சொல்லமாட்டார்கள்" என்று கடையில் சொல்லும்போது எண்ணளவில் அது சரி. விதியின் நோக்கத்துக்கு நேர்மாறு. வாட்டில் இருக்கும் இந்த வரம்பை ஒளிச்செறிவுக்கு மாற்றி எழுதுமாறு தமிழக அரசு மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகத்துக்கு எழுதலாம்.

இனி, யாருக்கு அனுமதி? 2013 டிசம்பர் 10 அன்று அபய் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் சிவப்பு விளக்குக்கும் பல்தொனி ஹாரனுக்கும் கடுமையான வரம்பு போட்டது. 108ஆம் விதியில் 2017 மே மாதம் செய்த திருத்தம் மிச்சமிருந்ததையும் எடுத்துவிட்டு, சிவப்பு, நீலம், வெள்ளை கலந்த பல்வண்ண விளக்கை மூன்று வகைப் பணிகளுக்கு மட்டும் கொடுத்தது. ஒன்று, தீயணைப்பு; இரண்டு, சட்டம் ஒழுங்குக்காகக் காவல்துறை, ராணுவம், துணை ராணுவம் செய்யும் பணி; மூன்று, நிலநடுக்கம், வெள்ளம், புயல், சுனாமி போன்ற இயற்கைப் பேரிடர்களும் ரசாயன, அணு விபத்து போன்றவையும் உள்ளடங்கிய பேரிடர் மேலாண்மை. இவற்றில் பதவியின் பெயர் எங்குமே இல்லை, பணியின் பெயர்தான் இருக்கிறது. பணியில் இல்லாத நேரத்தில் அதே வண்டி விளக்கைப் போடக்கூடாது என்பதும் திருத்தத்திலேயே இருக்கிறது. வட்டாட்சியர் ஜீப் புயல் மீட்புக்கு ஒதுக்கப்பட்டால் அன்றைக்கு விளக்கு போடலாம். மறுவாரம் மனுநீதி நாள் முகாமுக்குப் போகும்போது போட முடியாது.

ஆம்புலன்ஸ் இந்தப் பட்டியலில் வராது. அதற்குத் தனி விலக்கு 1989இலிருந்தே இருக்கிறது: நோயாளிகளை ஏற்றிச்செல்லும் ஆம்புலன்சில் ஊதாக் கண்ணாடி போட்ட, விட்டு விட்டு எரியும் சிவப்பு விளக்கு. நோயாளிகளை ஏற்றிச்செல்ல என்ற சொற்கள் முக்கியம். அமரர் ஊர்தி அதில் வராது. துக்க வீட்டாரின் மனநிலையை மதிக்கிறோம். ஆனாலும் சைரன் போட்டு, விளக்கு சுழல, சிக்னலைத் தாண்டிப் போக அமரர் ஊர்திக்கு உரிமை இல்லை. ஒரே வேனை இன்று ஆம்புலன்சாகவும் நாளை அமரர் ஊர்தியாகவும் ஓட்டும் பழக்கம் இருப்பதால் இதை அழுத்திச் சொல்லவேண்டியிருக்கிறது. சைரனுக்கும் இதேபோலத் தனி விதி இருக்கிறது. 119ஆம் விதிப்படி அடுத்தடுத்து வெவ்வேறு தொனியில் ஒலிக்கும் ஹாரன் பொதுவாகத் தடை. ஆம்புலன்ஸ், தீயணைப்பு, மீட்பு, காவல்துறை, மோட்டார் வாகனத் துறை அலுவலர்கள், கட்டுமான எந்திர வாகனங்கள் ஆகியவற்றுக்கு மட்டும் விலக்கு.

இப்போது நாங்கள் சொல்லவந்த விஷயம். 2019 திருத்தத்துக்குப் பிறகு மோட்டார் வாகனச் சட்டத்தில் 194இ என்று ஒரு பிரிவு இருக்கிறது. அவசர ஊர்திக்கு வழிவிடாவிட்டால் 10,000 ரூபாய் அபராதம், அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். இந்தக் கடுமை சரியானதே, எங்களுக்கு மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் இவ்வளவு பெரிய தண்டனையை வைத்து வழிவிடச் சொல்லும் அரசு, பின்னால் மின்னிக்கொண்டு வருவது உண்மையான அவசர ஊர்திதான் என்ற உறுதியையும் மக்களுக்குத் தரவேண்டும். ரியர்வியூ கண்ணாடியில் தெரியும் நீல வெளிச்சம் பத்தில் சில முறை வெறும் பந்தா என்று தெரிந்துவிட்டால், பதினோராவது முறை யாரும் ஒதுங்கமாட்டார்கள். அந்தப் பதினோராவது வண்டியில் பிரசவ வலியோடு ஒரு பெண் இருக்கலாம்.

இந்த உறுதிக்கான ஏற்பாடு 2017 திருத்தத்திலேயே செய்யப்பட்டிருக்கிறது. பல்வண்ண விளக்குக்கு அனுமதி பெற்ற வண்டியின் முன்கண்ணாடியில் அதற்கான ஸ்டிக்கர் ஒட்டப்படவேண்டும். யார் யாருக்கு அனுமதி என்ற பட்டியலை மாநிலப் போக்குவரத்துத் துறை ஆண்டுதோறும் பொது அறிவிப்பாக வெளியிடவேண்டும். நாங்கள் கேட்பது இந்தப் பட்டியலைச் சாமானியர் பார்க்கும் இடத்தில், தமிழில், மாவட்ட வாரியாக வெளியிடவேண்டும் என்பதுதான். பதிவெண், துறை, என்ன பணிக்கு அனுமதி, எந்த நாள்வரை என்ற நான்கு விவரம் போதும். பதிவெண்ணைத் தட்டினால் செல்போனிலேயே தெரியவேண்டும். சாலையில் வண்டியை நிறுத்தும் காவலருக்கும் இது பெரிய துணை. இன்று அவர் ஒரு காரை நிறுத்தினால் "யார் வண்டி தெரியுமா?" என்ற கேள்விதான் பதிலாக வருகிறது. பட்டியல் கையில் இருந்தால், பட்டியலில் இருக்கிறதா இல்லையா என்பதோடு பேச்சு முடிந்துவிடும். 2024 மே மாதம் சென்னைப் போக்குவரத்துக் காவல்துறை வண்டிகளில் பிரஸ், வழக்கறிஞர், போலீஸ் என்று ஒட்டிய ஸ்டிக்கர்கள் மீது நடவடிக்கை எடுக்கத் தொடங்கியபோது ஒரே வாரத்தில் எத்தனை பேர் தாங்களாகவே கிழித்தெறிந்தார்கள் என்பதைச் சாலையில் போனவர்கள் அறிவார்கள். விளக்கு விஷயத்திலும் அது நடக்கும்.

அபராதம் பற்றி ஒரு சொல். காவலர் பொதுவாகப் போடுவது 177ஆம் பிரிவு: முதல் முறை 500 ரூபாய், அடுத்த முறை 1,500. பல ஆயிரம் கொடுத்து, கூரையில் பொருத்தும் நீள விளக்கான லைட் பார் வாங்கியவருக்கு 500 ரூபாய் ஒரு பொருட்டே இல்லை. உற்பத்தியாளர் கொடுத்த வண்டியை விதிக்கு மாறாக மாற்றியமைத்தால் 182ஏ பிரிவில் ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதமோ, ஆறு மாதம் வரை சிறையோ, இரண்டுமோ உண்டு. கிரில்லைக் குடைந்து வயர் இழுத்துப் பொருத்திய ஃபிளாஷர் எனும் மின்னும் விளக்கு அந்தப் பிரிவில் வரவேண்டியது. அதோடு, அந்த இடத்திலேயே கழற்றவைக்கவும் வேண்டும். விளக்கு வண்டியில் இருக்கும்வரை அபராதம் வெறும் வாடகைதான்.

சோதனை எங்கே நடக்கவேண்டும் என்பதிலும் நடைமுறையைப் பார்க்கவேண்டும். ஆம்புலன்ஸ், பேருந்து, லாரி எல்லாம் எஃப்.சி. எனும் தகுதிச் சான்று ஆய்வுக்கு வந்தே ஆகவேண்டும். எட்டு ஆண்டுவரை இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை, அதற்குமேல் ஆண்டுக்கு ஒருமுறை. கரூரில் பேருந்துக்கும் நாமக்கல்லில் லாரிக்கும் பாடி கட்டும்போதே இந்த விளக்குகளைக் கேட்டுப் போட்டுக்கொள்கிறார்கள். எஃப்.சி.க்கு முன்தினம் கழற்றி மறுநாள் மாட்டுவதும் நடக்கிறது. விளக்கு மட்டும் கழன்றிருக்கும். சுவிட்சும் வயரும் கேபினில் அப்படியே இருக்கும். ஆய்வாளர் டேஷ்போர்டில் கூடுதலாக இருக்கும் சுவிட்சைத் தொட்டு, அதன் வயர் எங்கே போகிறது என்று கேட்டாலே தெரிந்துவிடும். சொந்தக் கார்கள் பதினைந்து ஆண்டு முடியும்வரை ஆய்வுக்கே வராதவை. அவற்றைச் சாலையிலும் கடையிலும்தான் பிடிக்கமுடியும். சிவப்பு, நீல ஃபிளாஷர் விற்கும் கடை, வாங்குபவரிடம் துறையின் அனுமதிக் கடிதத்தின் நகலை வாங்கி வைக்கவேண்டும் என்று ஓர் ஆணை வந்தால் பாதிப் பிரச்சினை அங்கேயே நின்றுவிடும்.

உரிமை உள்ள வண்டிகளிலும் விளக்கு சரியாக இருக்கிறதா என்றால், இல்லை. இதைத் துறைகள் தாங்களே கவனிக்கவேண்டும். எச்சரிக்கை விளக்கு எவ்வளவு வேகமாக மின்னவேண்டும் என்பதற்கு ஐ.நா. ஐரோப்பியப் பொருளாதார ஆணையத்தின் 65ஆம் எண் விதி பல நாடுகளில் அளவுகோலாக இருக்கிறது: விநாடிக்கு 2 முதல் 4 முறை. நம் வண்டி இண்டிகேட்டர் நிமிடத்துக்கு 60 முதல் 120 முறை, அதாவது விநாடிக்கு ஒன்றிலிருந்து இரண்டு. இரண்டுக்கும் இந்த வித்தியாசம் இருப்பதால்தான் கண் உடனே பிரித்தறிகிறது. சந்தையில் வரும் மலிவு ஃபிளாஷர்களில் மின்னும் விதத்தில் பல பேட்டர்ன்கள் இருக்கும். அவற்றில் மிக வேகமாகத் துடிக்கும் ஒன்றையே ஓட்டுநர்கள் தேர்ந்தெடுக்கிறார்கள், அதிரடியாகத் தெரியும் என்பதற்காக. அந்தத் துடிப்பில் வண்டி எவ்வளவு தூரத்தில் இருக்கிறது, எந்த வேகத்தில் வருகிறது என்று எதிரே இருப்பவரால் கணிக்க முடியாது. மெதுவான பேட்டர்ன்தான் தூரத்தைச் சொல்லும்.

இன்னொன்று இரவு வெளிச்சம். பகல் வெயிலில் நீலம் மங்கித் தெரியும். இருட்டுக்குப் பழகிய கண்ணுக்கு அதே நீலம் குத்தும். பகலில் தெரியவேண்டும் என்று முழு வெளிச்சத்தில் வைத்த லைட் பார், நள்ளிரவில் விபத்து நடந்த இடத்தில் நிற்கும்போது ஆபத்தாகிறது. அந்த வண்டியைச் சுற்றி நிற்கும் காவலரும், ஸ்ட்ரெச்சர் தூக்கும் பணியாளரும், அவர்கள் போட்டிருக்கும் ஒளிரும் பட்டை ஜாக்கெட்டும் வெளிச்சத்தில் மூழ்கிப்போகின்றன. வருகிற லாரிக்காரருக்கு விளக்கு தெரியும், ஆள் தெரியமாட்டார். எனவே லைட் பார் வாங்கும்போது பகல், இரவு என இரண்டு நிலை இருப்பதாகப் பார்த்து வாங்கவேண்டும். வண்டி நின்றதும் இரவு நிலைக்கு மாற்றி, எதிரே வருவோர் முகத்தில் அடிக்கும் ஹெட்லைட்டையும் அணைத்துவிடவேண்டும்.

வயரிங்கில் நாங்கள் அதிகம் பார்க்கும் கோளாறு, புதிதாகப் பொருத்தும் லைட் பாருக்குப் பார்க்கிங் விளக்கிலிருந்தோ வைப்பரிலிருந்தோ கரண்ட் எடுப்பது. பாரம் கூடி ஃபியூஸ் போனால் பின்விளக்கும் சேர்ந்து அணையும், அல்லது மழையில் வைப்பர் நிற்கும். ஃபியூஸ் போகக்கூடாது என்று பெரிய ஃபியூஸ் போட்டால் மெல்லிய வயர் சூடேறி உருகும். 96 வாட் லைட் பார் 12 வோல்ட்டில் 8 ஆம்பியர் இழுக்கும். பேட்டரியிலிருந்து கூரைக்கு 5 மீட்டர் என்றால், 0.75 சதுர மி.மீ. வயரில் ஏறக்குறைய 1 வோல்ட் வழியிலேயே போய்விடும். அது 8 வாட் சூடாக வயருக்குள் தங்கும். 2.5 சதுர மி.மீ. வயரில் இழப்பு 0.3 வோல்ட்தான். ஆகவே பேட்டரி பிளஸ் முனையிலிருந்து தனியாக 2.5 சதுர மி.மீ. வயர், முனையிலிருந்து ஒரு சாண் தூரத்துக்குள் 15 ஆம்பியர் ஃபியூஸ், பிறகு 30 ஆம்பியர் ரிலே (சிறிய சுவிட்சால் பெரிய கரண்டை இயக்கும் கருவி). ரிலேயின் முனை எண்களில் 30க்குப் பேட்டரி, 87க்கு லைட் பார், 86க்கு சுவிட்ச், 85க்கு எர்த். லைட் பாரின் எர்த்தைக் கூரை போல்ட்டில் பெயின்ட் மேல் முறுக்கிவிட்டால் ஆறு மாதத்தில் துருப்பிடித்து விளக்கு மங்கும், வயர்லெஸ்ஸில் இரைச்சல் வரும். பெயின்டைச் சுரண்டி வெற்று உலோகத்தில் கொடுக்கவேண்டும், அல்லது பேட்டரி மைனஸுக்கே இழுத்துவிடவேண்டும். கூரையில் துளை போட்ட இடத்தில் வயரைக் காக்கும் வளையமான ரப்பர் குரோமெட் கட்டாயம். அது இல்லாமல் தகரத்தின் விளிம்பில் உராயும் வயர் ஒருநாள் ஷார்ட் ஆகும். ஆக்சிஜன் சிலிண்டர் இருக்கும் வண்டியில் அந்த ஒரு பொறி எங்கே கொண்டுபோய் விடும் என்று விளக்கத் தேவையில்லை. எஞ்சினை அணைத்துவிட்டு இரண்டு மணி நேரம் விளக்கைப் போட்டு நின்றால் பேட்டரி சேமிப்பில் 16 ஆம்பியர்-அவர் (8 ஆம்பியர் வீதம் இரண்டு மணி நேரம்) செலவாகும். பழைய பேட்டரி என்றால் நோயாளி ஏறியபின் செல்ஃப் எடுக்காது. ஆம்புலன்சுக்கு இரண்டாவது பேட்டரி ஆடம்பரம் இல்லை.

பொதுமக்கள் தரப்பிலும் ஒன்று உண்டு. நாற்சந்தியில் நேராகப் போகிறேன் என்பதற்காகவும், மழையில் ஓடும்போதும் நான்கு இண்டிகேட்டரையும் சேர்த்துப் போடுகிறார்கள். நான்கும் மின்னும்போது திரும்புவதற்கான இண்டிகேட்டர் வேலை செய்யாது. பக்கவாட்டில் இருப்பவருக்கு ஒரு பக்கம் மட்டுமே தெரிவதால், நீங்கள் அந்தப் பக்கம் திரும்புவதாகவே எடுத்துக்கொள்வார். நான்கும் சேர்ந்து மின்னுவது பழுதாகி நிற்கும் வண்டிக்கான விளக்கு.

ஆம்பர் விளக்கைப் பற்றியும் ஒரு தெளிவு தேவைப்படுகிறது. துறைமுகம், விமான நிலையம் போன்ற வளாகத்தை விட்டு வெளியே வராத வண்டிகளின் மேல்விளக்காக 108ஆம் விதி அதைக் குறிப்பிடுகிறது. நெடுஞ்சாலையில் கோடு போடும் வண்டி, நடுத்திட்டுச் செடிக்குத் தண்ணீர் ஊற்றும் டேங்கர், பழுதான லாரியை இழுக்கும் மீட்பு வண்டி ஆகியவை மெதுவாக ஓடுபவை. பின்னால் வேகமாக வருபவருக்கு முன்கூட்டியே தெரியவேண்டியவை. இவற்றுக்கு எந்த வேகத்தில், எந்த வேலையின்போது ஆம்பர் போடலாம் என்று மாநில அரசு தெளிவான சுற்றறிக்கை தந்தால், இப்போது கையில் கிடைத்த சிவப்பையும் நீலத்தையும் மாட்டிக்கொள்ளும் ஒப்பந்ததாரர்களுக்குச் சாக்கு இருக்காது.

அக்டோபரில் வடகிழக்குப் பருவமழை தொடங்குகிறது. வருவாய்த்துறை, உள்ளாட்சி அமைப்புகளின் வண்டிகள் புயல், வெள்ளப் பணிக்கு ஒதுக்கப்படும். அவற்றில் எவற்றுக்குப் பல்வண்ண விளக்கு, எந்த நாளிலிருந்து எந்த நாள்வரை என்ற பட்டியலைச் செப்டம்பர் மாதமே மாவட்ட ஆட்சியர் அலுவலகங்களிலும் வட்டாரப் போக்குவரத்து அலுவலகங்களிலும் தமிழில் ஒட்டுமாறு போக்குவரத்து ஆணையரைக் கேட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
வாகன மின்பணியாளர்கள் சிலர்,
கரூர்.